மைலேஜ் கூடியது, பானெட் தாழவில்லை

ஹைப்ரிட் என்றதும் பலருக்கும் சின்னக் கார்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தால் ஒரு வண்டிக்கு அதிகப் பெட்ரோல் மிச்சமாவது, ஏழெட்டுப் பேர் ஏறும் அமெரிக்கப் பெரிய எஸ்.யூ.வி.யில்தான். இரண்டரை டன் வண்டியைச் சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தினால் பிரேக்கில் சூடாகி வீணாகும் ஆற்றலும் அந்த எடைக்கேற்ப அதிகம். மோட்டார் அதை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும்போது மிச்சமும் அதிகம். 2008 மாடலாக, 6 லிட்டர் வி8 எஞ்சினோடு கியர்பாக்ஸுக்குள் இரண்டு மோட்டார்களைப் பொருத்திய எஸ்.யூ.வி. ஒன்று அங்கே விற்பனைக்கு வந்தது. நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 லிட்டர் குடித்த வண்டி 11 லிட்டரில் ஓடியது. 8 லிட்டர் கேட்கும் கார் ஹைப்ரிடாகி 5 லிட்டருக்கு வந்தாலும் மிச்சம் மூன்றுதான். ஆனால் அந்த எஸ்.யூ.வி.யின் விலை ஐம்பதாயிரம் டாலர், விற்பனை சூடுபிடிக்கவில்லை, 2013 மாடலோடு நின்றுபோனது.

அடுத்து வந்தவர்கள் அதிலிருந்து வேறு பாடம் கற்றார்கள். 2023 மாடலாக வந்த இன்னொரு பெரிய எஸ்.யூ.வி.யில் வி8 போய், இரட்டை டர்போ வைத்த 3.4 லிட்டர் வி6 வந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு மோட்டார். பேட்டரியோ இரண்டு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாது. 100 கிலோமீட்டருக்கான செலவு 16 லிட்டரிலிருந்து 11-க்கு இறங்கியது. குதிரைத்திறன் 381-லிருந்து 437-க்கு ஏறியது. அருமையான பொறியியல்தான். ஆனால் கிடைத்த பலனில் ஒரு பங்கு கூடுதல் பலத்துக்குப் போய்விட்டது, வண்டியின் உடம்பு துளியும் இளைக்கவில்லை. இளைக்கச் சட்டமும் கேட்கவில்லை. 2011 மாடல் தொட்டு அமெரிக்க எரிபொருள் விதிகளில், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெருகப் பெருக, எட்டவேண்டிய மைலேஜ் இலக்கு குறைந்துகொண்டே போகும்.

என் கவலை பெட்ரோலைப் பற்றியதல்ல, சாலையில் நடப்பவரைப் பற்றியது. அமெரிக்காவில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 2009-ல் ஏறக்குறைய 4,100 பேர். 2022-ல் 7,500-க்கும் மேல். இருட்டும் வேகமும் சாலை அமைப்பும் இதற்குக் காரணங்கள்தான். ஆனாலும், முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட உயிரிழப்புக்கு 45 சதவீதம் கூடுதல் வாய்ப்பு என்று 2023-ல் அங்கே வெளியான ஆய்வு காட்டியது. அடிபடுவது கால் அல்ல, மார்பும் தலையும். குழந்தை என்றால் ஓட்டுநர் கண்ணுக்கே தெரியாது. படகையும் டிரெய்லரையும் இழுப்பவர்களுக்குப் பெரிய வண்டி தேவை, முழு மின்சார வண்டி அந்தச் சுமையோடு வெகுதூரம் போகாது என்பார்கள். நியாயமே. ஆனால் இழுக்கத் தேவையான விசையில் ஒரு பங்கை மோட்டாரே தருகிறது, எஞ்சினும் சிறுத்துவிட்டது. பிறகும் பானெட் நெஞ்சளவு உயரத்தில் நிற்பது தோரணைக்காகத்தான். இப்படிப் பெருத்த வண்டிகளின் எடைக்கு விலை வைக்க முடியாதா என்றால், பாரிஸ் வைத்துவிட்டது. 2024 அக்டோபர் முதல், வெளியூரிலிருந்து வந்து நகர மையத்தில் நிறுத்தும் 1.6 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மணிக்கு 18 யூரோ. முழு மின்சார வண்டிக்கு எல்லை 2 டன்; ஹைப்ரிடுக்கு அந்தச் சலுகை இல்லை.