ஒழுக்கமும் பண்பும்: நன்று!

பிரிவு உபசார விழா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி.

நீங்களும் ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். நேற்று வரை 'இந்த ஆள் எப்போ ஒழிவான்?' என்று கேன்டீனில் புலம்பியவர், இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'சார் இல்லாத இந்த ஆபீஸை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை' என்று கர்ச்சீப்பைத் தேடுவார். ரிட்டயர் ஆகிறவரும் அதை நம்பி அழுவார். நடுவில் ஒரு பேப்பர் தட்டில் மிக்ஸர், ஒரு மைசூர்பாகு, ஆறிப்போன காபி. கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரம். இனிமேல் மணி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மனிதருக்கு எதற்குக் கடிகாரம் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்!

அப்பேர்ப்பட்ட நான், ஒரு பிரிவு உபசார விழாவுக்காக லீவு போட்டு, சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். 2022 மே 31. எங்கள் ஹெச்.எம். ரிட்டயர் ஆகிற நாள்.

லீவு லெட்டரைப் பார்த்த மேனேஜர் புருவத்தை உயர்த்தினார்.

"என்னய்யா இது... வாத்தியார் ரிட்டயர் ஆகறதுக்கெல்லாம் லீவா?"

"ஹெச்.எம். சார்..."

பேனாவை எடுத்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "என் ஹெச்.எம். போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. நான் போகவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கள் பள்ளி, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு வரை. ஹெச்.எம். அங்கே 1986-ல் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, 2003-ல் தலைமை ஆசிரியர் ஆனவர். குச்சி வைத்திருக்க மாட்டார். தேவையும் இல்லை. வராந்தாவில் நின்று ஒரு தடவை கனைத்தால் மூன்று வகுப்புகள் கப்சிப்!

விழா பந்தலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கண்ணாடி ஃபிரேம் போட்ட வாழ்த்து மடல். 'அன்னார் பல்லாண்டு வாழ்க' வகையறா. ஆனால், கீழே தேதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அதற்கடியில் இன்னொரு தாள்.

"என்னடா இது?" என்றேன், விழாவை நடத்திய நண்பனிடம். உள்ளூர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான்.

"அதை ஏன் கேக்கறே... 2020-லயே ஃபிரேம் போட்டு வச்சுட்டோம்டா!"

விஷயம் இதுதான். ஹெச்.எம். 58 வயதில், 2020 மே 31 அன்று ரிட்டயர் ஆகியிருக்க வேண்டும். பழைய மாணவர்கள் மார்ச்சிலேயே மடலை அச்சடித்துவிட்டார்கள். அதற்குள் கொரோனா ஊரடங்கு. பந்தல் போட வழியில்லையே என்று கையைப் பிசைந்துகொண்டு இருக்கும்போதே, மே 7-ம் தேதி ஓய்வு வயதை 59 ஆக உயர்த்தி அரசாணை வந்துவிட்டது. சரி, 2021 என்று ஒரு தாளை ஒட்டினார்கள். 2021 பிப்ரவரியில் 59, 60 ஆனது. மேலே இன்னொரு தாள்! 'நான் போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகாத ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்' என்று ஹெச்.எம்மே சிரித்தாராம்.

பள்ளி ஆசிரியர்களின் ரிட்டயர்மென்ட்டில் ஒரு சோகம் உண்டு. பெரும்பாலும் அது மே மாதக் கடைசியில்தான் வரும். அதாவது கோடை விடுமுறையில்! வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்த மனிதர், பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட வேண்டும். அன்றும் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. வேப்பமரத்தில் காக்கா மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை, ஹெச்.எம்மின் பிறந்த தேதி. ரெக்கார்டுப்படி 1.6.1962. (ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தின மாதக் கடைசி நாளிலேயே ரிட்டயர் ஆகிவிட வேண்டும் என்பது விதி.) உங்கள் அப்பா, பெரியப்பா தலைமுறையில் விசாரித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவராவது மே, ஜூனில் 'பிறந்திருப்பார்'. அந்த மாதங்களில் அப்படி என்ன விசேஷம்? ஒன்றுமில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் மாதம் ஜூன், அவ்வளவுதான்!

வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்ததாக அர்த்தம். உடனே அதற்குத் தோதாக ஒரு தேதியை எழுதிக்கொள்வார்கள்.

"எங்கம்மா நான் ஐப்பசி அடைமழையில பிறந்தேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க" என்றார் ஹெச்.எம். ஒருமுறை வகுப்பில். "எனக்குக் கை கொஞ்சம் நீளம்டா. காதைத் தொட்டுட்டேன். எங்க வாத்தியார் ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டார். அன்னிக்கே என் சர்வீஸ்ல சில மாசம் போச்சு!"

அப்போது சிரித்தோம். யோசித்தால் சிரிப்பு வரவில்லை. 1967-ல் ஏதோ ஒரு வாத்தியார், பேனாவை உதறிவிட்டு இரண்டு வினாடியில் எழுதிய தேதி, 55 வருடம் கழித்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறது. அரசு வேலையில் பிறந்த தேதியை மாற்ற வேண்டுமென்றால், சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அப்புறம் பிரம்மாவே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. இப்போது காதுக்கு வேலையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது.

சரி, விழாவுக்கு வருவோம்.

பொன்னாடைகள் பதினேழு. (எண்ணினேன். வேறு வேலை இல்லை.) வழக்கமான பேச்சுக்கள். பக்கத்து ஊர் தமிழய்யா ஒருவர் டாக்டர் ராதாகிருஷ்ணனை இழுத்தார். அவர் 1921-ல் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் அவரைப் பூக்களால் அலங்கரித்த குதிரை வண்டியில் உட்கார வைத்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில்வே ஸ்டேஷன் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். "அத்தகைய அன்புக்கு உரியவர் நம் தலைமை ஆசிரியர்!" என்று முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வண்டி எங்கேய்யா?"

நல்ல பேச்சு என்றால், சத்துணவு சமைக்கும் அம்மா பேசியதுதான். மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு சொன்னார்: "தினமும் பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி சாரு ஒரு வாய் சாப்பிட்டுப் பாப்பாரு. உப்புக் கம்மின்னு ஒரு நாளும் சொன்னதில்லை. ரெண்டாவது வாய் எடுக்க மாட்டாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போயிடும். அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது.

கடைசியில் ஹெச்.எம். எழுந்தார். கனைத்தார். பழைய ஞாபகத்தில் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்!

"எல்லாரும் நான் செஞ்ச நல்லதைப் பேசினீங்க. சந்தோஷம். ஒரு கெட்டதும் செஞ்சிருக்கேன். போகும்போது சொல்லிட்டுப் போறேன்."

பந்தலில் மிக்ஸர் கொறிக்கிற சத்தம் நின்றது.

"2003-ல ஹெச்.எம். ஆன புதுசு. ஸ்டாஃப் ரூம்ல வச்சிருந்த முந்நூறு ரூபாயைக் காணோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மேல சந்தேகம். எடுத்ததை யாரும் பாக்கலை. ஆனா அவன் ஏற்கெனவே சுவர் ஏறிக் குதிக்கிற பையன், வாய்க்கு வாய் பேசற பையன். புது ஹெச்.எம். இல்லையா... கண்டிப்பா இருக்கான்னு நாலு பேர் சொல்லணுமே! அவன் அப்பாவை வரச் சொல்லி டி.சி.யைக் கிழிச்சுக் கொடுத்துட்டேன். அதுல 'ஒழுக்கமும் பண்பும்'னு ஒரு கட்டம் இருக்கும். 'திருப்தி இல்லை'ன்னு எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனார்."

குரல் கொஞ்சம் இறங்கியது.

"வருஷக் கடைசியில பீரோவை நகர்த்தினோம். டிராயருக்குப் பின்னால அந்த முந்நூறு ரூபாய் விழுந்து கிடந்தது. அன்னிக்கே வேற டி.சி. எழுதி எடுத்துக்கிட்டு அவங்க ஊருக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோட திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. விசாரிச்சேன். எந்த ஸ்கூல்லயும் அவனைச் சேத்துக்கலையாம். நான் எழுதின ரெண்டு வார்த்தை!"

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். பழுப்பேறிப்போன கவர்.

"இது அந்த ரெண்டாவது டி.சி. மூணு தடவை திருப்பூர் போய்த் தேடிப் பாத்துட்டேன். இன்னிக்கு சட்டம் இருக்கு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப முடியாது. எனக்கு ஆறு வருஷம் லேட்டா வந்த சட்டம். அவன் பேரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னா, ரெண்டாவது தடவையும் அவனைத் திருடன்னு நாலு பேருக்குக் காட்டின மாதிரி ஆயிடும். புது ஹெச்.எம்.கிட்ட எல்லா சாவியும், எல்லா ரிஜிஸ்தரும் ஒப்படைச்சாச்சு. இதை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன். வணக்கம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நன்றியுரை சொல்ல வேண்டிய நண்பன், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எனக்கோ வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால், நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்ததே ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளத்தான்!

2006. நானும் இன்னொருத்தனும் பத்தாவது. எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பழைய இரும்புக் கடையில் போட்டு, அந்தக் காசில் திண்டுக்கல் போய் சினிமா பார்த்துவிட்டு, மிச்சத்தில் புரோட்டாவும் சாப்பிட்டோம். திங்கட்கிழமை பியூன் அண்ணன் ஒரு பழைய தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடினார். அவருக்குத்தான் திட்டு விழுந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் என் டி.சி.யில் ஹெச்.எம். கையால் எழுதியிருந்தது: 'நன்று'.

அந்த 'நன்று'வை வைத்துத்தான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். காலேஜ், வேலை எல்லாம்.

கூட்டம் கலைந்ததும் அருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"சார்... 2006-ல அந்த மணியை எடுத்தது..."

"2006-ஆ?" என்று யோசித்தார். "இருடா... 2011-ல ஒரு தடவை போச்சு. 2015-ல ஒரு தடவை. அதுல ஒருத்தன் இப்ப போலீஸ்ல இருக்கான்! 2006 நீதானா?"

"தெரியாதா சார்?"

"நீங்க ரெண்டு பேரும்தான்னு நினைச்சேன். ஆனா, நினைச்சதையெல்லாம் டி.சி.ல எழுதக் கூடாதுன்னு அதுக்குள்ள கத்துக்கிட்டேனே." அப்புறம் என் தோளைத் தட்டி, "எங்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்? திட்டு வாங்கினது பியூன். அதோ நாற்காலி அடுக்கிட்டு இருக்கார் பார், போய்ச் சொல்லு."

போனேன். சொன்னேன். பியூன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படம் நல்லா இருந்துச்சா?" என்றார். பிறகு, "இந்த நாற்காலியெல்லாம் வண்டியில ஏத்தணும். சும்மா நிக்காதே" என்றார். ஐம்பது நாற்காலி ஏற்றினேன். பதினாறு வருடப் பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

வெயில் தாழ ஹெச்.எம். கிளம்பினார். கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்று தன் பழைய டி.வி.எஸ். 50-ல் உட்கார்ந்து பெடலை மிதித்தார். புர்ர்ர்... நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார். ம்ஹூம்!

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சொல்லி வைத்த மாதிரி வண்டிக்குப் பின்னால் போய்க் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தோம். பள்ளி கேட்டைத் தாண்டி, பிள்ளையார் கோயில் வரைக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று எங்களில் யாரும் அவ்வளவாக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"வண்டி வந்துடுச்சு தமிழய்யா!" என்று கத்தினான், பின்வரிசைக்காரன்.

கோயில் திருப்பத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஹெச்.எம். திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கையை எடுத்தார். டாட்டா காட்டத்தான் என்று நினைத்து நாங்களும் கையைத் தூக்கினோம்.

இல்லை. சட்டைப் பையைத் தொட்டு, அந்தக் கவர் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.