ஊர் கூடி உழுத நிலம்



பழனிமலைத் தொடரில் பிறந்து சமவெளிக்கு இறங்கும் சண்முகநதியையும் மஞ்சளாற்றையும் நீங்கள் அறிவீர்கள். அவை பாயும் நிலம் பொன் விளையும். அப்பாலுள்ள மானாவாரி நிலமோ வானம் பார்த்துக் கிடக்கும். இவ்விரண்டும் இல்லாத உழவுத் தொழிலாளியின் நிலை யாது? ஊரெல்லாம் விளைந்தாலும் அவன் வீட்டு அடுப்பு பிறர் தரும் கூலியை நம்பியே எரியும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே பூதான இயக்கம். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற 40 குடும்பத்தினர் வினோபாவிடம் 80 ஏக்கர் வேண்டினர். இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் ஈந்தார். ஊர் நிலத்தையே பொதுவாக்கும் கிராமதானம் 1952-இல் உத்தரப் பிரதேசத்து மங்ரோத்தில் தோன்றியது. 1956-இல் வினோபா தமிழகம் வந்தார். அவ்வாண்டு நவம்பரில் பழனியில் கூடிய சர்வ சேவா சங்கம், பூதானக் குழுக்களைக் கலைத்து, இயக்கத்தை மக்களிடமே ஒப்படைக்கத் துணிந்தது. பழனியும் வத்தலக்குண்டும் அடங்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில், ஜெகந்நாதன் முதலிய தொண்டர்கள் ஊர் ஊராக நடந்தனர்.

நிலம் கிடைத்ததும் பசி நீங்கியதா? இல்லை. தானமாக வந்தவற்றுள் கல்லும் கரம்புமானவை பல. ஏரும் மாடும் விதையும் இல்லாதவன் வெறும் மண்ணை வைத்து என்ன செய்வான்? தனியொருவனால் வெட்ட இயலாத கிணற்றைப் பத்துக் குடும்பங்கள் கூடி வெட்டலாம். ஒரு சோடி மாட்டை முறை வைத்து ஓட்டலாம். கூட்டுழைப்பின் தேவை இங்கேதான் பிறக்கிறது. 1960-களின் இறுதியில் தமிழகத்தில் எழுந்த சர்வ சேவா பண்ணைகள் அமைப்பு, பூதான நிலங்களைப் பண்படுத்தும் பணியையே மேற்கொண்டது.

எளிய கிராமதானத்தில், நிலமுடையோர் இருபதில் ஒரு பங்கு நிலத்தை நிலமற்றோர்க்கும், விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கை ஊர் நிதிக்கும் அளிக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: நாற்பது மூட்டை காண்பவர் நூறு பேர் உள்ள ஊரில் நூறு மூட்டை பொதுவில் சேரும். விதைக்கும் காலத்தில் அது கடனாகும், பஞ்சத்தில் கஞ்சியாகும்.

ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலும் நைரேரே 1967-இல் கூட்டுவாழ்வுக் கிராமங்களை வகுத்தார். 1970-களில் மக்களை வற்புறுத்திக் குடியேற்றியபோது எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. இங்கும், மனமுவந்து கையெழுத்திட்ட ஊர்கள் பலவற்றில் பின்னர் ஊக்கம் தளர்ந்தது.

ஆகவே, கட்டாயமும் பயன் தராது. ஒரு நாள் உற்சாகமும் போதாது. தேரை ஊர் கூடி இழுத்தால் மட்டும் போதுமா? நிலைக்கு வந்து சேரும்வரை வடத்தை விடாதிருக்க வேண்டும் அல்லவா?