சிலுவையும் ஒரு சைகையும்

1534 ஜூலை 24. காஸ்பே கரையில் ழாக் கார்த்தியே முப்பதடிச் சிலுவை நட்டான். அதில் பிரெஞ்சு மன்னனை வாழ்த்தும் வாசகம். ஸ்டாடகோனாத் தலைவர் தொன்னகோனா படகில் வந்து, விரல்களால் சிலுவை காட்டி, சுற்றிலும் நிலத்தைக் காட்டினார்: எங்க மண்ணு, எங்களைக் கேக்காம எப்படி? 'வழி அடையாளந்தான்' என்று பொய் சொல்லி அவர் மகன்கள் இருவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த 1535–36 குளிர்காலத்தில் ஸ்கர்வியால் 25 மாலுமிகள் செத்தார்கள்; மருந்து மரத்தைச் சொன்னவன் அந்த மகன்களில் ஒருவனான தொமகாயா. கைம்மாறு? 1536 மேயில் தொன்னகோனாவையே கடத்தினார்கள். பிரான்சிலேயே செத்தார்.

இதெல்லாம் கார்த்தியே தரப்பின் பிரதியில் இருப்பதுதான். அன்று அவர் நீளப் பேசினார் என்கிறது அது. பேச்சு இல்லை, சைகை மட்டுமே. அதை நான் நில உரிமைப் பிரகடனமாக வாசிக்கிறேன். புரியாதவனுக்குப் பொய் தேவைப்படாதே. 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை இனி எந்த முகத்தோடு எழுதுவது?