வயசு 23... தமிழ் ஜீரோ!

உங்களுக்கு 23 வயசு. காலேஜை முடிக்கவில்லை. உடம்புக்கு முடியாமல் பாதியிலேயே கிளம்பி வந்துவிட்டீர்கள். அம்மா, அப்பா சின்ன வயசிலேயே தவறிவிட்டார்கள். அக்காதான் வளர்த்தது. ஒருநாள் ஒரு கேள்வி வருகிறது. 'கப்பலில் ஏறத் தயாரா? ஏழு மாசப் பயணம். போகிற ஊரில் உங்களைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. அந்த ஊர் பாஷைக்கு இங்கே வாத்தியாரும் கிடையாது. உயிரோடு திரும்பி வருவீர்களா, கேரண்டி கிடையாது.'

என்ன பதில் சொல்வீங்க?

'ஆளை விடுங்க சாமி' என்பீர்கள். நானும்தான். ஆனால் 1705-ம் வருஷம் ஜெர்மனியில் ஒரு பையன் 'சரி' என்று சொல்லிவிட்டான். பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க். அந்தக் கப்பல் வந்து நின்ற இடம், நம்ம தரங்கம்பாடி!

இந்தப் பெயரை ஸ்கூலில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அச்சகம், பைபிள், தரங்கம்பாடி என்று மூன்று வார்த்தையில் ஆளை முடித்திருப்பார்கள். தமிழில் முதன்முதலாகப் புத்தகம் அச்சடித்தவர் இவர்தான் என்று யாராவது சொல்லியிருந்தால், அதை மட்டும் அழித்துவிடுங்கள். 1578-லேயே கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்தாயிற்று. சீகன்பால்க் கதையில் சுவாரஸ்யமான மேட்டர் வேறு. வெளிநாடு போகிற ஒரு பையன் எப்படித் தயாரானான், இறங்கிய பிறகு அந்தத் தயாரிப்பு என்ன ஆனது என்பதுதான்.

மொத்த டிரெயினிங் இவ்வளவுதான்!

சீகன்பால்க் பிறந்தது 1682-ல், சாக்ஸனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில். இறையியல் படிக்க ஹாலே பல்கலைக்கழகம் போனார். அங்கே ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அநாதை இல்லம், பள்ளிக்கூடம் என்று ஒரு குட்டி ராஜ்ஜியமே நடத்திக்கொண்டிருந்தார். 'கோயிலுக்குப் போவது மட்டும் பக்தி இல்லை, வாழ்ந்து காட்டணும்' என்கிற கட்சி. பையனுக்கு அது ஆழமாகப் பதிந்துவிட்டது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக்குக்கு ஓர் ஆசை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிய தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 85 வருஷமாக வியாபாரம் செய்கிறார்கள். அங்கே இருக்கிற ஜனங்களுக்கு வேதம் சொல்ல ஆள் அனுப்பணும். டென்மார்க்கில் தேடினால் ஆள் சிக்கவில்லை. ஜெர்மனியில் விசாரித்தார்கள். சிக்கியவர்கள் இரண்டு பேர். சீகன்பால்க், அப்புறம் அவரைவிடச் சில வருஷம் மூத்த ஹென்ரிக் புளூட்சோ.

தனக்கு வயசு பத்தாது, உடம்பு பத்தாது, இதற்கு நான் லாயக்கில்லை என்றுதான் சீகன்பால்க் முதலில் தயங்கியிருக்கிறார். பிறகு ஒத்துக்கொண்டார். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம். அதே மாதக் கடைசியில் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் ஏறியாச்சு.

இன்றைக்கு ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிற உங்க ஃப்ரெண்டைக் கேட்டுப் பாருங்கள். ஜெர்மன் கிளாஸ், விசா இன்டர்வியூ, பிரஷர் குக்கர், ஊறுகாய் என்று ஒரு வருஷம் ரெடியாவார். சீகன்பால்க் கையில் இருந்தது எபிரேயம், கிரேக்கம், இறையியல்... தமிழ் மட்டும் சுத்தமாக ஜீரோ! போகிற ஊர் ஜனங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஐரோப்பாவில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான். 'அது காட்டுமிராண்டிக் கூட்டம்.'

வரவேற்பே இல்லாத வருகை

1706 ஜூலை 9. தரங்கம்பாடி. கழுத்தில் மாலை, மேளதாளம் எல்லாம் எதிர்பார்த்தால் ஸாரி. கோட்டையில் அதிகாரம் ஹாசியஸ் என்ற டேனிஷ் கமாண்டரிடம் இருந்தது. கம்பெனிக்கு மிஷனரிகள் வருவதே பிடிக்கவில்லை. மதம், பிரசாரம் என்று யாராவது கிளம்பினால் வியாபாரம் கெட்டுவிடுமே! ராஜா முத்திரை போட்ட கடிதத்தோடு வந்த இரண்டு பேரையும் கமாண்டர் பல மணி நேரம் காக்க வைத்தார். 'எதுக்கு வந்தீங்க?' என்கிற மாதிரி விசாரித்துவிட்டு, தங்க இடம்கூடக் காட்டாமல் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜூலை வெயில், முன்பின் தெரியாத ஊர், மாலை நேரக் கடைத்தெருவில் நிற்கிற இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். யோசித்துப் பாருங்கள். வேறு யாரோ பரிதாபப்பட்டுத்தான் இடம் கொடுத்தார்கள்.

எதிரி உள்ளூர்க்காரர்கள் இல்லை, சொந்த மதத்துக்காரர்கள்தான் என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. ஹாலேயில் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

அடுத்து பாஷை. துறைமுகத்தில் எல்லோரும் பேசுகிற கலப்புப் போர்ச்சுக்கீசியத்தை முதலில் பிடித்தார்கள். அது சமாளிப்புக்குத்தான் உதவும். ஊர் பேசுவது தமிழ். அப்போது சீகன்பால்க் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். எழுபது வயசுத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்தார். 'உங்க பள்ளிக்கூடத்தை என் வீட்டுக்கே கொண்டு வாங்க' என்றார். பசங்க வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சிலேட் ஏது? தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே சத்தம் போட்டுச் சொல்லணும். அ... ஆ... இ... ஈ... ஐந்து வயசு வாண்டுகளோடு சேர்ந்து ஒரு பட்டம் பெற்ற பாதிரியார், விரலில் மண் ஒட்ட ஒட்ட எழுதுகிறார். பசங்க எப்படிச் சிரித்திருப்பார்கள்! 'ழ' எந்த நிலைமையில் வெளியே வந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இதில் ஒரு காமெடி. எழுத்து வந்துவிட்டது, வாசிக்கவும் வந்துவிட்டது. ஆனால் என்ன வாசிக்கிறோம் என்று மட்டும் புரியவில்லை! வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அர்த்தம் கேட்டால் தமிழிலேயே சொல்வார். அப்புறம்தான் அழகப்பன் கிடைத்தார். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக வேலை பார்த்தவர். ஐரோப்பியப் பாஷைகள் பல தெரிந்தவர். ஜெர்மன்காரர்கள் 'அலெப்பா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சீகன்பால்க்கின் தமிழுக்குப் பாதி கிரெடிட் இவருக்குத்தான் போகணும். ஒரு மார்க் கேள்வியில்கூட இவர் பெயர் வருவதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

அடுத்த சில மாதங்கள் அந்தப் பையன் போட்ட டைம்டேபிளைக் கேட்டால், செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற நமக்குத் தலை சுற்றும். காலை ஏழு முதல் எட்டு வரை பழைய வார்த்தைகளைத் திரும்பப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை புதிய ஓலைச்சுவடிகள் வாசிப்பது, பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும். சாப்பிடும்போதுகூட யாராவது உரக்க வாசிக்கணும். வெயில் நேரத்தில் கொஞ்சம் ஓய்வு. பிறகு மறுபடியும் சுவடி. இருட்டிய பிறகு கண் கெட்டுவிடாமல் இருக்க, வேறு ஒருவர் வாசிக்க இவர் கேட்பார். புரியாத நூலை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்தார்.

ரிசல்ட்? வந்து இறங்கி 13 மாதம் முடிந்திருந்தது. 1707 ஆகஸ்ட் 14 அன்று, 'புதிய எருசலேம்' என்ற சின்ன ஆலயம் கட்டித் திறந்தார்கள். அங்கே தமிழில் பிரசங்கம்!

படிக்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டது

இதுவரை கேட்டால் 'கடின உழைப்பு, வெற்றி' கதை மாதிரி இருக்கும். விஷயம் அதோடு நிற்கவில்லை.

ஒரு பாஷையை ஆழமாகப் படித்தால் அது உங்களைச் சும்மா விடாது. சீகன்பால்க் வாசித்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? திருக்குறள், சிவவாக்கியம், நீதி நூல்கள். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பெழுதி ஒரு பட்டியலே தயாரித்துவிட்டார். அதே வருஷம் நம்ம ஒளவையாரின் 'கொன்றை வேந்த'னையும், 'உலகநீதி', 'நீதிவெண்பா'வையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கப்பல் ஏறும்போது தலையில் இருந்த 'காட்டுமிராண்டி' என்ற வார்த்தை என்ன ஆனது? இந்த ஜனங்களைப் பற்றி ஐரோப்பாவில் நினைப்பது தப்பு, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவரே எழுதினார்.

அதற்காக மதம் மாறிவிட்டாரா? இல்லவே இல்லை. கடைசிவரை தன் மதம்தான் சரி, மற்றது தப்பு என்பதில் ஆடவில்லை. சாமி சிலைகளைப் பற்றிக் கடுமையாகத்தான் பேசினார். எனக்கு அவரிடம் ஒத்துப்போகாத இடம் அதுதான். ஆனால் எதிராளி சொல்வதை எதிராளியின் வார்த்தையிலேயே கேட்கணும் என்ற பிடிவாதம் இருந்தது பாருங்கள், அது நிறையப் பேரிடம் இல்லாதது. 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, பதில் கடிதங்களை வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பினார். பதில்கள் சும்மா 'ஜால்ரா' இல்லை. நீங்க குடிக்கிறீங்க, மாட்டுக்கறி சாப்பிடுறீங்க, சுத்தம் கிடையாது, உங்க வேதத்தை நாங்க எப்படி நம்புறது என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். அதையும் அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினார்.

இதற்கிடையே ஜெயில் வேறு! ஓர் ஏழை விதவையின் கடன் விவகாரத்தில் அவர் பக்கம் பேசப்போய் கமாண்டரோடு மோதல். 1708 நவம்பரில் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தார்கள். நாலு மாசம். ஆரம்பத்தில் எழுதப் பேப்பர், மைகூடக் கொடுக்கவில்லை. சிறைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்து, 1711 மார்ச்சில் முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் வந்தன. எழுத்து பெருசு பெருசாக இருந்தது; பேப்பர் கட்டுப்படியாகாது. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். நம்ம ஊர் ஜுகாடுக்கு 300 வயசு!

ஆனால் பெரிய அடி கோட்டையிலிருந்து விழவில்லை. 1713-ல் தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி, அவர்களே சொன்னதை வைத்து, ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அவர் தெய்வமாக மதித்த குரு ஃபிராங்கே என்ன செய்தார் தெரியுமா? அச்சடிக்க மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்கத்தான், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் பக்கம். கையெழுத்துப் பிரதி அலமாரிக்குள் போனது. வெளியே வந்தது 1867-ல், அதுவும் சென்னையில். எழுதியவர் செத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு அப்புறம்.

அனுப்பியவர்கள் ஒரு பையனை அனுப்பினார்கள். அங்கேயிருந்து கடிதம் எழுதியது வேறு ஓர் ஆள். இது அவர்களுக்குப் புரியவே இல்லை. நீங்க ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் ஏதாவது பேசினால், 'இப்படியெல்லாம் பேச எங்கேடா கத்துக்கிட்டே?' என்று அப்பா முறைப்பாரே, அதே முறைப்புதான்.

1714-ல் சீகன்பால்க் ஒருமுறை ஐரோப்பா போனார். அந்தக் கப்பலில் சும்மா உட்காரவில்லை. லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1716-ல் ஹாலேயில் அது அச்சானது. கல்யாணமும் அங்கேதான். மனைவி மரியா டோரத்தியாவோடு தரங்கம்பாடி திரும்பி, 1718-ல் இன்னொரு பெரிய ஆலயம் கட்டி முடித்தார். ராஜ வீதியில் இன்றைக்கும் அது நிற்கிறது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். கோட்டையைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே திரும்பாமல் உள்ளே ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். அவர் கல்லறை அங்கேதான்.

1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயசு 36. பழைய ஏற்பாட்டுத் தமிழாக்கம் ரூத் புத்தகத்தோடு நின்றிருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் பெஞ்சமின் ஷுல்ட்ஸே என்ற இன்னொரு இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். விட்ட இடத்திலிருந்து அவர்தான் தொடர்ந்தார். இவர் கப்பல் ஏறியபோது தமிழ் படிக்க ஐரோப்பாவிலேயே அச்சடித்த இலக்கணப் புத்தகம் இருந்தது.