பி2015: செக் எஞ்சின் லைட் எரிந்தால் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டுமா?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார். திடீரென டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் செக் எஞ்சின் லைட் எரிகிறது. பிக்-அப்பும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் ‘பி2015’ என்று வருகிறது. “இன்டேக் மேனிஃபோல்டு போயிடுச்சு சார், செட்டோட மாத்தணும்” என்கிறார்கள். செலவு பல ஆயிரம் ரூபாய். தலையாட்டுவதற்கு முன், அந்தக் கோடு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

மேனிஃபோல்டின் வேலை என்ன?

ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. பல எஞ்சின்களில் இதற்குள் ஃபிளாப் எனப்படும் சின்னச் சின்ன மடல்கள் இருக்கும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது இவை பாதையைக் குறுக்கி, காற்றைச் சுழலவிடும். எரிபொருள் காற்றோடு நன்றாகக் கலக்கும். ஆர்பிஎம் ஏறினால் திறந்து வழிவிடும். இவற்றை அசைக்க ஓர் ஆக்சுவேட்டர். எந்த நிலையில் நிற்கின்றன என்று இசியுவுக்குச் சொல்ல ஒரு சென்சார்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

முதலில் உள்ள ‘பி’ எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான கோளாறைக் குறிக்கும். 2015 என்பது வருடம் அல்ல, கோளாறின் எண். ஃபிளாப் நிலையைச் சொல்லும் சென்சாரின் அளவு, எதிர்பார்த்த வரம்புக்குள் இல்லை என்பதே இதன் பொருள். பி2004 வந்தால் ஃபிளாப் திறந்தே சிக்கிக்கொண்டது. பி2006 என்றால் மூடியே சிக்கிக்கொண்டது.

காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்லும். டைபாய்டா, டெங்குவா என்று சொல்லாது. கோடும் அப்படித்தான். சென்சார், வயர், வேக்யூம் ஹோஸ், ஆக்சுவேட்டர், தேய்ந்த இணைப்புக் கை, கார்பன் படிவு என எது கெட்டாலும் இதே கோடு வரலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில், கோடை அழிக்கக் கூடாது. “பேட்டரியைக் கழட்டி மாட்டுனா போயிடும்” என்பது பழைய வைத்தியம். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம் எவ்வளவு என்று இசியு பதிந்து வைத்த தடயமும் அதோடு போய்விடும்.

அடுத்து கண்ணால் பார்ப்பது. கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா, வேக்யூம் ஹோஸ் வெடித்திருக்கிறதா? இவை சில நூறு ரூபாயில் முடிகிற வேலைகள்.

மூன்றாவது, ஆக்சுவேட்டர் கை அசைகிறதா என்ற சோதனை. வேக்யூமில் இயங்குவது என்றால் கை பம்ப் போதும். மின்மோட்டார் வகையை ஸ்கேனர் மூலமே இயக்க வேண்டும். கை இறுக்கமாக நின்றால் உள்ளே கார்பன் படிந்திருக்கலாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின்களில் இது சகஜம். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனால் இணைப்பு தேய்ந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் சில 2.0 லிட்டர் எஞ்சின்களில் இது பலரும் அறிந்த பிரச்சினை. அங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதை மட்டும் மாற்றினால் கோடு திரும்பி வரும்.

கடைசியாக லைவ் டேட்டா. கை ஒழுங்காக அசைந்தும் ஸ்கேனரில் அளவு மாறாவிட்டால், அல்லது தாறுமாறாகத் தாவினால், சென்சாரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சோதிக்க வேண்டும்.

ஓட்டலாமா?

லைட் நிலையாக எரிந்து, வண்டி சீராக ஓடினால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். லைட் விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் ஆகிறது என்று அர்த்தம், ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. சில டீசல் எஞ்சின்களில் ஃபிளாப் உடைந்து சிலிண்டருக்குள் விழுந்து, எஞ்சினையே காலி செய்திருக்கிறது.

மேனிஃபோல்டை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ஃபிளாப்பைத் தனியாக மாற்ற முடியாத வடிவமைப்பாக இருந்தால் வேறு வழியில்லை. ஆனால், அது கடைசிப் படி. “கை அசையுதா? லைவ் டேட்டா என்ன காட்டுது? கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்த மெக்கானிக் தயங்காமல் காட்டுவார்.