ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி: பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியது

அவனியாபுரம் 2011-இல் மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. அதற்குத் தெற்கே பெருங்குடி, வலையங்குளம் என்று போகப் போக ஊராட்சிகள். இந்தப் பக்கம் விளைநிலங்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டே இருக்கின்றன. மனை விற்கிறவர் சாலை போட்டுத் தருகிறார். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. வசதியுள்ளவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டில், காலையில் பிள்ளையை யார் கூட்டிப்போவது என்பதிலேயே படிப்பு தடைப்படுகிறது.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழக அரசின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர் நடைதூரத்திலும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் மூன்றாண்டுக்குள் தொடங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 6-ஆம் பிரிவு. அந்தக் கெடு 2013-லேயே முடிந்துவிட்டது. எனவே மனுவில் 'தயவுகூர்ந்து' என்ற சொல்லே தேவையில்லை. பிரிவு எண்ணை எழுதுங்கள். பிள்ளை நடக்கும் பாதையை அளந்து எழுதுங்கள். வழியில் ரிங் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பள்ளிக்குப் போகும் வழி பிள்ளைகளுக்கு ஆபத்தானதாக இருந்தால் தூர வரம்பையே குறைக்கச் சொல்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள்.

பெரும்பாலான மனுக்கள் சிக்கிக்கொள்வது இடத்தில்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்து, எந்தப் புல எண்ணில் அரசு நிலம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். கண்மாய், வாய்க்கால் புறம்போக்கைக் காட்டாதீர்கள். நீர்நிலையில் எழும் கட்டடம் பள்ளியாக இருந்தாலும் ஆக்கிரமிப்புதான். மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தண்ணீர் நிற்கும். யாராவது நிலம் தர முன்வந்தால் வாய்ச்சொல்லோடு விடக் கூடாது. கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் வழக்குப் போட்டால் பள்ளி நடுத்தெருவுக்கு வந்துவிடும். வில்லங்கச் சான்று பார்த்து, கல்வித் துறை அல்லது உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து, பட்டாவும் மாற்ற வேண்டும். மதுரை கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, கனரா வங்கி ஊழியர் ஆயி அம்மாள் என்கிற பூரணம் 2024 ஜனவரியில், மறைந்த தம் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் கொடுத்தார். பத்திரம் பதிந்து ஆவணத்தைக் கல்வித் துறையிடம் ஒப்படைத்தார். அந்த அம்மாளின் பெருங்குணத்தோடு இந்த முறையையும் எல்லா ஊரும் பின்பற்றலாம்.

கட்டடம் வந்தபிறகும் கண்காணிப்பு வேண்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் கீற்றுக்கூரைப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலியானார்கள். இவை நமக்குத் தெரிந்தும் விரிசல் விட்ட சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரும் பிழை. சட்டத்தின் அட்டவணைப்படி ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், சாய்தளம் எல்லாம் கட்டாயம். பத்தே பிள்ளைகள் படித்தாலும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். குறையிருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பே அவர்களுடையதுதான்.

புதிய பள்ளி கேட்பதானால், ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் திங்கட்கிழமை நடக்கும் ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அவனியாபுரம் வார்டுகளில் இருப்பவர்கள் மாநகராட்சி ஆணையருக்குக் கொடுக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது முடிவு திருப்தி தராவிட்டால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை நாடலாம். மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பள்ளி கட்டி முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து வேண்டும் என்பதையும் அதே மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள்.