ஒரு வீட்டுப் பணத்தில் ஒரு டீச்சர்

நமக்கு முதன்முதலாக அ, ஆ எழுதக் கற்றுக் கொடுத்த டீச்சரை நாம் யாருமே மறப்பதில்லை. அந்த டீச்சர் உருவாக என்ன செலவாகும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ணிவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். மரவள்ளியும் சாமையும் கடுக்காயும்தான் பிழைப்பு. மரவள்ளி விளைய ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். பிடுங்கி விற்றால்தான் கையில் காசு. பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதி அதுவரை காத்திருக்குமா?

எங்கள் மாமியார் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவர் காலமான பிறகு, வருஷத் திதிக்குப் பெரிய விருந்து வைப்பதைச் சுருக்கிக்கொண்டு அவர் பெயரில் ஒரு பெண்ணை டீச்சர் ஆக்கலாமே என்றார் என் நாத்தனார். நாங்கள் ஐந்து குடும்பம். தலைக்கு மாதம் 400 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 24,000 சேர்கிறது. புடவைச் சீட்டு கட்டுகிற நமக்கு இது முடியாத காரியமா, சொல்லுங்கள்!

எந்தப் படிப்பு என்பதிலும் கவனம் வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட். போதாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்துவிட்டது. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷத் தொடக்கக் கல்வி டிப்ளமோ அதற்கு ஒரு வழி.

முதலில் மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு உதவினோம். இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடங்களில் பயிற்சிக்குப் போக வேண்டிய சமயம். அரசு உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. பஸ் செலவு, ரெக்கார்டு நோட்டு, சார்ட் அட்டை என்று தினமும் கைக்காசு போயிற்று. "மரவள்ளி பிடுங்கட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அவள் அப்பா. "அப்புறம்னா என் படிப்பு அவ்வளவுதான் அக்கா" என்று அவள் என்னிடம் அழுதாள். அந்த மாதம் எங்கள் 2,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறியதால்தான் படிப்பு நிற்கவில்லை. பெரிய தொகை தாமதமாக வருவதைவிடச் சின்னத் தொகை வேளைக்கு வருவதுதான் உதவி.

படம் பிடித்து விழா வைக்க வேண்டும் என்றார் சின்ன மச்சினர். ஓர்ப்படி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "அத்தை யாருக்காவது கொடுத்ததை வெளியில சொன்னாங்களா?" அதோடு சரி.

இது புதிதல்ல, சகோதரிகளே. 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தந்தையும் சித்தியும் துணை நிற்க, சென்னையில் இளம் விதவைகளை வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவர்களில் பலர் ஆசிரியைகளாகத் தலைநிமிர்ந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் தொடங்க எண்ணினால் சில யோசனைகள்:

அரசின் உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நம் பணம் அதற்கு மாற்றல்ல, இடைவெளியை அடைக்கத்தான்.

தனியார் நிறுவனமாக இருந்தால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். இடைத்தரகரிடம் பணம் வேண்டாம்.

மாணவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் போடுங்கள்.

கல்யாணம் ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது போன்ற நிபந்தனையே கூடாது.

முக்கியமாக, இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 முதல் நடக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அதன் முதல் தாளில் தேற வேண்டும். அரசுப் பள்ளி வேலைக்கு அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வும் உண்டு. டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகம் வாங்கக் காசில்லாமல் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் மூன்றாம் வருஷமும் கொடுக்கிறோம்.

எங்கள் பெண் டிப்ளமோ முடித்துவிட்டாள். இப்போது தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். தன் மலையிலேயே வேலை கிடைக்க வேண்டுமாம். அங்குள்ள குழந்தைகள் வீட்டில் பேசுகிற பேச்சு அவளுக்குப் புரியும், மழை நாளில் பாதை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அப்படி ஒரு டீச்சர் கிடைத்தால், எத்தனை குழந்தைகள் அழாமல் பள்ளிக்கூடம் போவார்கள்!